பழைய கராஜ் மோட்டாரைக் கைபேசியோடு இணைக்க முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் ஐந்து வீட்டுக் கராஜ்களில் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். அவற்றில் இரண்டு, வேறு யாரோ செய்து வைத்ததைப் பிரித்துப் போட்டுத் திரும்பச் செய்தது. எதிர்வீட்டு ஆயா ஒருநாள் காலையில் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் வந்துச்சு, கூடவே கராஜ் கதவும் திறந்துக்கிச்சு. விடியற வரைக்கும் அப்படியே கெடந்திருக்கு, யாருக்கும் தெரியலை." பேரன் போட்டுக் கொடுத்த இணைப்பு அது. கைபேசியில் தொட்டால் கதவு நன்றாகத்தான் நகர்ந்தது. அது போதும் என்று விட்டுவிட்டான். கதவு திறந்திருக்கிறதா என்று சொல்லும் சென்சாரை அப்புறம் மாட்டலாம் என்று தள்ளிப் போட்டிருந்தான்.

நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இந்த வரிசைத் தவறுதான். முதலில் கண், அப்புறம் கை. அதாவது, கதவின் நிலையைப் பார்க்கும் சென்சார் முதலில். கதவை நகர்த்தும் ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், கடைசியில். கீழே உள்ளதை அந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

1. கதவைச் சோதியுங்கள்

மோட்டாரைத் தொடுவதற்கு முன் கதவு நல்ல நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். எதிரில் நின்று ரிமோட்டை அழுத்தும்போது கதவு சிக்கினால் உடனே தெரிந்துவிடும். அலுவலகத்தில் உட்கார்ந்து அழுத்தும்போது தெரியாது.

கதவை முழுக்க மூடி, ரிலீஸ் கயிற்றை இழுத்து மோட்டாரிலிருந்து விடுவியுங்கள். கையால் பாதி உயரத்துக்குத் தூக்கி, மெதுவாகப் பிடியைத் தளர்த்துங்கள். கதவு அங்கேயே நிற்க வேண்டும். கீழே இறங்கினாலோ மேலே ஓடினாலோ ஸ்பிரிங் சமநிலை சரியில்லை. அதை நீங்களே சரிசெய்யப் போகாதீர்கள். இறுக்கிய ஸ்பிரிங் கையை முறித்துவிடும். கதவு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அடுத்து, மோட்டாரோடு திரும்ப இணைத்து, கதவு இறங்கும் இடத்தில் சுமார் 40 மில்லிமீட்டர் உயரமுள்ள மரக்கட்டையைப் படுக்கவைத்து மூடிப் பாருங்கள். கட்டையில் பட்டதும் கதவு திரும்பி எழ வேண்டும். எழவில்லை என்றால் மோட்டாரின் விசை அமைப்பைக் குறைத்து மீண்டும் பாருங்கள். அப்படியும் எழாத மோட்டாரில் தொலைவிலிருந்து மூடும் வசதியைப் போடவே கூடாது. வெறும் சென்சார் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள், அதுவே பாதி லாபம்.

குறுக்கே கதிர் அனுப்பும் பாதுகாப்புச் சென்சார் பழைய மோட்டார்களில் பெரும்பாலும் இருக்காது. ஆனால் அதைப் பொருத்துவதற்கான முனைகள் பல போர்டுகளில் உண்டு. பார்க்காமல் மூட நினைப்பவர்கள் அந்தச் செலவைச் செய்தே ஆக வேண்டும்.

2. மோட்டார் எந்த மாதிரி என்று கண்டுபிடியுங்கள்

மோட்டார் மூடியைக் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள், உள்ளே பேட்டரி இருந்தால் அதன் ஒயரையும் கழற்றுங்கள். 230 வோல்ட்டில் நேரடியாக ஓடும் பழைய மோட்டார்களில் பெரிய கெபாசிட்டர் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம், அந்தப் பக்கம் விரல் போகவேண்டாம்.

நீங்கள் தேடுவது, சுவர்ப் பொத்தானிலிருந்து வரும் இரண்டு கம்பிகள் சேரும் முனைகள். பெரும்பாலும் 'டிரிகர்', 'காமன்' என்பதன் சுருக்கங்கள் பக்கத்தில் அச்சிட்டிருக்கும். பொத்தான் செய்வதெல்லாம் இந்த இரண்டையும் ஒரு கணம் ஒட்ட வைப்பதுதான். நம் ரிலேயும் அதையேதான் செய்யப்போகிறது.

மீண்டும் மின்சாரம் கொடுத்து, மல்டிமீட்டரால் அந்த இரண்டு முனைகளுக்கும் இடையே அளந்து பாருங்கள். 24-க்கு மேற்படாத டிசி வோல்ட் காட்டினால் சரி. அதற்கு மேல் காட்டினாலோ, ஏசி காட்டினாலோ நீங்கள் தவறான முனையில் இருக்கிறீர்கள், நிறுத்துங்கள். சரியான முனை என்றால், தோல் உரித்த சிறு கம்பித்துண்டால் இரண்டையும் அரை நொடி தொட்டு எடுங்கள். கதவு நகர வேண்டும்.

நகரவில்லை என்றால், அந்த மோட்டாரின் சுவர்ப் பொத்தான் வெறும் பொத்தானாக இல்லாமல் டிஜிட்டல் குறியீடு அனுப்பும் வகையாக இருக்கலாம். அதற்கும் வழி உண்டு. உபரி ரிமோட் ஒன்றைப் பிரித்து, அதன் பொத்தானின் இரண்டு கால்களிலும் கம்பியைச் சால்டர் செய்து அதை ரிலேக்குக் கொடுங்கள். அழகாக இருக்காது, ஆனால் எந்த மோட்டாருக்கும் பொருந்தும்.

3. என்னென்ன வேண்டும்

வீமோஸ் டி1 மினி என்ற, வைஃபை உள்ள குட்டிக் கட்டுப்பாட்டுப் போர்டு ஒன்று. அதன் மேலேயே செருகும் ரிலே ஷீல்டு ஒன்று. அலாரம் கடைகளில் கிடைக்கும் காந்த ரீட் சென்சார் இரண்டு (காந்தம் பக்கத்தில் வந்தால் சேரும் சுவிட்ச், காந்தம் தனித்துண்டு). இரும்புக் கதவாக இருந்தால் ரோலர் ஷட்டருக்கென்று வரும் பெரிய உறை கொண்டதை வாங்குங்கள். சின்ன வெள்ளைச் சென்சாரை இரும்பின் மேல் ஒட்டினால் காந்தத்தின் வீச்சு குறைந்துவிடும். வோல்ட்டைக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர், 1 ஆம்பியர் ஃப்யூஸும் அதன் உறையும், 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், நான்கு கம்பி அலாரம் கேபிள், மூடி நன்றாக இறுகும் பிளாஸ்டிக் பெட்டி. மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. விளக்கை அணைக்க, போட என்று விற்கும் மலிவான வைஃபை சுவிட்ச் பலவற்றில், உள்ளே வரும் 230 வோல்ட்டேதான் வெளியே போகும். அதை டிரிகர் முனையில் கொடுத்தால் மோட்டார் போர்டு அந்தக் கணமே போய்விடும். இந்த வேலைக்கு ரிலேயின் முனைகள் மின்சாரத்தோடு ஒட்டாமல் தனித்து நிற்க வேண்டும். ஷெல்லி 1 போன்றவற்றில் அப்படித்தான், நம் ரிலே ஷீல்டிலும் அப்படித்தான்.

4. மின்சாரம் எங்கிருந்து எடுப்பது

எல்லோரும் கைபேசி சார்ஜரைச் செருகி வேலையை முடித்துவிடுகிறார்கள். நம் ஊரில் அது போதாது. லோட் ஷெட்டிங் (முறைவைத்துக் கரண்ட் நிறுத்துவது) இல்லாத மாதங்களிலும் மழை, கேபிள் திருட்டு என்று ஏதாவது ஒன்றில் கரண்ட் போகத்தான் செய்கிறது. அப்போது மோட்டார் தன் பேட்டரியில் ஓடும், நம் போர்டு மட்டும் செத்துக் கிடக்கும். அதைவிட மோசம், கரண்ட் திரும்பும்போதெல்லாம் போர்டு புதிதாக எழும். ஆயா வீட்டுக் கதை அந்த நேரத்தில்தான் நடந்தது.

அதனால் மோட்டாரின் பேட்டரியிலிருந்தே எடுங்கள். போர்டின் செலவு சுமார் அரை வாட்தான். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது ஒரு பாரமே இல்லை. பேட்டரி இல்லாத பழைய ஏசி மோட்டார் என்றால் சார்ஜர்தான் வழி. அவர்கள் 7-ஆம் பகுதியை இரண்டு முறை படிக்கட்டும்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஃப்யூஸ் வரவேண்டும். சின்ன பேட்டரிதானே என்று நினைக்காதீர்கள். மெல்லிய கம்பி ஷார்ட் ஆனால் அதைச் சிவக்கக் காய்ச்சிவிடும் அளவுக்கு மின்னோட்டம் கொடுக்கும்.

12 வோல்ட் பேட்டரி சார்ஜில் இருக்கும்போது 13.8 வோல்ட்டில் நிற்கும். இரண்டு பேட்டரி போட்ட 24 வோல்ட் மோட்டாரில் அது 27.6 ஆகிவிடும். விரல்நகம் அளவு குட்டி கன்வெர்ட்டர்கள் பல 28 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 27.6-க்கும் 28-க்கும் நடுவில் என்ன இடைவெளி இருக்கிறது, சொல்லுங்கள். 24 வோல்ட் மோட்டாருக்கு, 40 வோல்ட் வரை தாங்கும் எல்எம்2596 சிப் உள்ள கன்வெர்ட்டரை வாங்குங்கள்.

கன்வெர்ட்டரை போர்டில் இணைக்கும் முன் திருகைச் சுற்றி, மீட்டரில் 5.0 வோல்ட் பார்த்து வையுங்கள். கடையிலிருந்து வரும்போது அது எந்த வோல்ட்டில் வேண்டுமானாலும் இருக்கும். என் முதல் போர்டை நான் அப்படித்தான் இழந்தேன், ஒரு புகைக் கோடு, அவ்வளவுதான்.

1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை 5 வோல்ட் பக்கத்தில் போடுங்கள், நெகட்டிவ் கோடு உள்ள கால் கிரவுண்டுக்கு. மோட்டார் கிளம்பும் கணத்தில் பழைய பேட்டரியின் வோல்ட் சட்டென்று இறங்கும். கெபாசிட்டர் இல்லாவிட்டால் கதவு நகர ஆரம்பித்ததும் போர்டு அணைந்து எழும்.

புதிதாக 230 வோல்ட் ஒயர் இழுப்பதோ, சுவரில் புதுப் பிளக் வைப்பதோ வேண்டுமென்றால் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். வீடு விற்கும்போது அந்தத் தாளைக் கேட்பார்கள்.

5. சென்சார் மாட்டுவது

காந்தம் கதவில், ரீட் சென்சார் அசையாத சட்டத்தில். கதவில் சென்சாரை மாட்டினால் கம்பி கதவோடு ஆடி ஆடி ஒருநாள் அறுந்துவிடும்.

ஒன்று, கதவு முழுக்க மூடியிருக்கும்போது சேரும்படி. இன்னொன்று, முழுக்கத் திறந்திருக்கும்போது சேரும்படி. ஒரே சென்சார் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒன்று மட்டும் இருந்தால் 'மூடவில்லை' என்று தெரியும். பாதியில் நிற்கிறதா, முழுக்கத் திறந்திருக்கிறதா என்று தெரியாது. பழைய மோட்டாரில் ஒரே பொத்தான்தான் திற, நில், மூடு, நில் என்று சுற்றி வரும். பாதியில் நிற்கும் கதவை அழுத்தினால் மேலே போகுமா கீழே வருமா என்பது, கடைசியாக எந்தப் பக்கம் போனது என்பதைப் பொறுத்தது.

கம்பியில் ஒன்று கிரவுண்டுக்கு, மற்றொன்று போர்டின் ஓரத்தில் எண் போட்டிருக்கும் 'பின்' என்ற முனைக்கு. மூடிய நிலைக்கு டி5, திறந்த நிலைக்கு டி6. இதற்கு டி3, டி4, டி8 மூன்றையும் தொடாதீர்கள். போர்டு எழும் கணத்தில் அந்த மூன்றின் நிலையைப் பார்த்துத்தான் எப்படி எழுவது என்று முடிவு செய்கிறது. சென்சாரை டி3-ல் போட்டால், கதவு மூடியிருக்கும்போது கரண்ட் வந்தால், போர்டு புது நிரலுக்காகக் காத்திருக்கும் நிலைக்குப் போய் அங்கேயே நின்றுவிடும். மேசையில் வைத்துச் சோதிக்கும்போது இது பிடிபடாது, ஏனென்றால் மேசையில் காந்தம் பக்கத்தில் இருக்காது.

6. நிரல் ஏற்றுவது

போர்டுக்குள் ஓட இஎஸ்பிஹோம் என்ற நிரல், அதற்கு மேலே, வீட்டுக் கணினியில் ஓடி எல்லாவற்றையும் கைபேசியோடு சேர்க்கும் ஹோம் அசிஸ்டன்ட். போர்டை மேசையில் யுஎஸ்பியில் வைத்து முதல் நிரலை ஏற்றுங்கள். அப்புறம் எல்லாம் வைஃபையிலேயே போகும். இந்தப் போர்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். கராஜில் கதவை மூடி, போர்டு நிற்கப்போகும் இடத்திலேயே கைபேசியில் சிக்னல் பாருங்கள். இரும்புக் கதவும் செங்கல் சுவரும் அதை நன்றாகவே தின்றுவிடும்.

இரண்டு சென்சாருக்கும் உள் புல்-அப் (சென்சார் சேராதபோது பின்னை மேல்நிலையில் பிடித்து வைக்கும் அமைப்பு) போட்டு, 100 மில்லிநொடித் தாமதமும் கொடுங்கள். மோட்டார் ஓடும்போது நீண்ட கம்பிகளில் இரைச்சல் ஏறும். தாமதம் இல்லாவிட்டால் 'மூடியது, திறந்தது, மூடியது' என்று அறிவிப்பு கொட்டும்.

ரிலேயை 'எப்போதும் ஆஃப்' என்று எழும்படி அமையுங்கள். ஆன் ஆனால் 500 மில்லிநொடியில் தானே ஆஃப் ஆகவேண்டும்.

அடுத்தது, ஏறக்குறைய யாருமே கவனிக்காத ஒன்று. ஹோம் அசிஸ்டன்ட் 15 நிமிடம் தொடர்பில் வரவில்லை என்றால் இஎஸ்பிஹோம் தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். இயல்பான அமைப்பே அதுதான், வைஃபை கிடைக்காவிட்டாலும் அதே கதை. கரண்ட் போய் ரூட்டர் அணைந்த இரண்டு மணி நேரத்தில் போர்டு எட்டு முறை செத்துச் செத்து எழும். அமைப்புக் கோப்பில், ஹோம் அசிஸ்டன்ட்டோடு பேசும் ஏபிஐ பகுதியிலும் வைஃபை பகுதியிலும் அந்த 'ரீபூட் டைம்அவுட்' மதிப்பைப் பூஜ்யமாக்குங்கள்.

இந்தக் கட்டத்தில் நிறுத்துங்கள். சென்சாரை மட்டும் வைத்து இரண்டு நாள் ஓட விடுங்கள். கதவை எப்போதும்போல ரிமோட்டில் திறந்து மூடி, கைபேசி சொல்வதும் கண் பார்ப்பதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முதல் நாளிலேயே ஒருமுறையாவது தவறும். காந்தத்தை அரை சென்டிமீட்டர் நகர்த்துங்கள், சரியாகிவிடும்.

7. ரிலேயை மோட்டாரில் இணைக்காமல் சோதியுங்கள்

ரிலே ஷீல்டு டி1 பின்னில் இயங்கும். அதை அப்படியே விடுங்கள். ஆயாவின் பேரன் தனி ரிலே போர்டு வாங்கி டி4-ல் போட்டிருந்தான். போர்டு எழும்போது டி4 மேல்நிலையில்தான், அதாவது வோல்ட் உள்ள நிலையில்தான், இருக்கும். அவன் வாங்கிய ரிலே மேல்நிலையில் ஆன் ஆகும் வகை. கரண்ட் வந்த ஒவ்வொரு முறையும் 'டிக்' என்று ஒரு தட்டு. கதவுக்கு அது பொத்தானை அழுத்தியது போலத்தான். நிரலில் எத்தனை பாதுகாப்பு எழுதினாலும் பயனில்லை, நிரல் எழுவதற்கு முன்பே அது நடந்து முடிந்துவிடுகிறது.

அதனால், ரிலேயின் வெளிமுனைகளில் மோட்டார் கம்பிக்குப் பதிலாக மல்டிமீட்டரை 'பீப்' ஒலி நிலையில் வைத்து மாட்டுங்கள். போர்டின் மின்சாரத்தைப் பிடுங்கிச் செருகுங்கள், இருபது முறை. மெதுவாகவும் வேகமாகவும், பாதி செருகி எடுத்தும் பாருங்கள். ரூட்டரை அணைத்துவிட்டு இன்னும் பத்து முறை. மீட்டர் ஒரு தடவைகூடக் கத்தக் கூடாது. ஒருமுறை கத்தினாலும் பின்னை மாற்றுங்கள், அல்லது ரிலேயை மாற்றுங்கள். 'இருபதில் ஒன்றுதானே' என்று விட்டால், அந்த ஒன்று ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் வரும்.

அப்புறம் கைபேசியில் தொட்டுப் பாருங்கள். ஒரே ஒரு குட்டி 'பீப்' வரவேண்டும்.

8. மோட்டாரோடு இணைப்பது

ரிலேயில் மூன்று முனைகள் இருக்கும். 'காமன்' என்பதையும், 'நார்மலி ஓப்பன்' என்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றி 'நார்மலி க்ளோஸ்டு' முனையில் போட்டால் யாரோ பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பது போல ஆகிவிடும். ரிமோட்டும் வேலை செய்யாது. மோட்டார் கெட்டுப்போய்விட்டது என்று புதிதாக வாங்கக் கிளம்பிய ஒருவரை நான் தடுத்திருக்கிறேன்.

பழைய சுவர்ப் பொத்தானின் கம்பிகளைக் கழற்றாதீர்கள். அதே முனைகளில் நம் கம்பிகளையும் சேர்த்து இறுக்குங்கள். பொத்தானும் ரிமோட்டும் எப்போதும்போல இயங்க வேண்டும். போர்டு போனாலும் வீட்டுக்குள் நுழைய முடிய வேண்டுமே.

ஹோம் அசிஸ்டன்ட்டில் 'டெம்ப்ளேட் கவர்' என்று ஒன்று செய்து, அதன் நிலையைச் சென்சாரிலிருந்து மட்டும் எடுங்கள். 'மூடு என்று சொன்னேன், ஆகவே மூடியிருக்கும்' என்று நிரல் நம்பக் கூடாது. மூடு கட்டளை வந்தால், ஏற்கெனவே மூடியிருந்தால் ஒன்றும் செய்யாதே. இல்லையென்றால் ஒரு தட்டு, 25 நொடி காத்திரு, மூடிய சென்சார் சேரவில்லை என்றால் எனக்குச் சொல். இரண்டாவது தட்டைத் தானாகத் தட்ட விடாதீர்கள். கதவு ஏன் மூடவில்லை என்று தெரியாமல் திரும்ப அழுத்தினால், குறுக்கே நிற்பது குழந்தையின் சைக்கிளா, குழந்தையேவா என்று யாருக்குத் தெரியும்.

9. பெட்டி

டர்பனில் இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகாதீர்கள். மோட்டார் பெட்டியின் கதகதப்பு பல்லிக்கும் எறும்புக்கும் ரொம்பப் பிடிக்கும். ஒரு வீட்டில் போர்டைத் திறந்தபோது, இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு பல்லிக்குட்டி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. முன்கால் ஒரு முனையில், வால் இன்னொன்றில். கம்பி நுழையும் துளைகளை ரப்பர் வளையம் போட்டு, மீதியைச் சிலிக்கானால் அடையுங்கள். கம்பி கீழ்ப்பக்கமாக நுழைய வேண்டும்; நீர் வழிந்தாலும் உள்ளே போகாது. உப்புக்காற்றுக்குத் திருகு முனைகள் சீக்கிரம் பச்சை பூக்கும், வருடத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து இறுக்குங்கள்.

ஜொகன்னஸ்பர்க் பக்கம் இருப்பவர்களுக்குப் பல்லியைவிட இடிதான் பயம். மோட்டார் பிளக்கில் சர்ஜ் பாதுகாப்பும், சென்சார் கம்பிகள் முடிந்தவரை குட்டையாகவும்.

10. வெளியிலிருந்து இயக்குவது

ரூட்டரில் 'போர்ட்' என்ற வெளிவழியைத் திறந்து ஹோம் அசிஸ்டன்ட்டை இணையத்தில் நேராக வைக்காதீர்கள். வயர்கார்டு, டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன் (பூட்டிய தனிவழி) வழியாக உள்ளே வாருங்கள். ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு குட்டி யுபிஎஸ் வாங்குங்கள். ஹோம் அசிஸ்டன்ட் ஓடும் கணினிக்கும் சேர்த்து.

வீட்டுக்கு அருகே கார் வந்ததும் கதவு தானாகத் திறப்பது கேட்க நன்றாக இருக்கும். நான் யாருக்கும் போட்டுத் தருவதில்லை. கைபேசியின் இருப்பிடம் சில சமயம் தெரு தாண்டிக் குதித்துத் திரும்பி வரும். நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள், கதவு திறந்திருக்கும். தானாக மூடும் வசதியையும், கதிர்ச் சென்சாரும் எச்சரிக்கை ஒலியும் இருந்தால் மட்டும் போடுங்கள்.

உண்மையிலேயே பயன்படுவது இரண்டு அறிவிப்புகள். பத்து நிமிடத்துக்கு மேல் திறந்திருந்தால் ஒன்று, இரவு ஒன்பது மணிக்கு மூடாமல் இருந்தால் ஒன்று. ரிமோட் சிக்னலை மறித்துவிட்டு, கதவு மூடாததைக் கவனிக்காமல் நீங்கள் காரை எடுத்துக்கொண்டு போகும்வரை காத்திருக்கும் திருடனுக்கும் இதுதான் பதில்: மூடவில்லை என்றால் தெருமுனை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கைபேசி சொல்லிவிடும்.

காவடிக்கு முதல்நாள் கராஜிலேயே அண்டா வைத்துச் சமைக்கும் வீடுகளில் இந்த அறிவிப்பு நாள் முழுக்கக் கத்தும். 'விசேஷம்' என்று ஒரு சுவிட்ச் செய்து, அது ஆனில் இருக்கும்வரை அறிவிப்பும் கைபேசிக் கட்டளையும் நின்றுவிடும்படி எழுதுங்கள். தலைக்கு மேல் கதவும் கீழே கொதிக்கிற சாம்பாரும் இருக்கும்போது வேறு ஊரிலிருந்து யாரும் பொத்தானைத் தட்ட வேண்டாம்.

ஆயா கைபேசியில் எதையும் பார்ப்பதில்லை. அவருக்கு அடுப்பு மேடைக்கு மேலே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு வைத்துக் கொடுத்தேன், கதவு திறந்திருந்தால் எரியும். முதல் வாரத்தில் இரண்டு முறை கூப்பிட்டு, "தம்பி, வெளக்கு எரியலையே, கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். கதவு மூடியிருந்தது.